வெள்ளிக்கிழமைத் தலைவலியும் ஒரு செட்டு மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 36. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. கல்லூரியில் படிக்கும்போதிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. அம்மாவுக்கும் இருந்தது. முன்பெல்லாம் மாதத்தில் இரண்டு, மூன்று தடவைதான் வரும். ஒன்றரை வருடமாக வாரத்தில் நாலைந்து நாள் வருகிறது. சில சமயம் வலிக்கு முன்னால் கண்ணோரத்தில் சரிகை மாதிரி ஏதோ மின்னும். அது வளைந்து வளைந்து பெரிதாகி, அரை மணி நேரத்தில் போய்விடும். அப்புறம் வலது பொட்டில் துடிக்க ஆரம்பிக்கும். வாந்தி எடுத்தால்தான் அடங்கும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தால் வலி நிச்சயம். தலையில் நீர் கோத்திருக்கிறது என்கிறார் மாமியார். காது மூக்கு தொண்டை டாக்டர் சைனஸ் என்றார். சிடி ஸ்கேனும் எடுத்தாயிற்று. “அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே” என்கிறார் கணவர். தயிர், தக்காளி, கத்தரிக்காய், வாழைப்பழம், சாக்லேட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், குறையவில்லை. வலி வந்தால் பக்கத்து மெடிக்கலில் ஒரு செட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன். மாதவிலக்கு ஒழுங்காக வராததால் எட்டு மாதமாக அதற்கும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், அதில் பிரச்சினை இல்லை. இன்னும் எதையெல்லாம் நிறுத்த வேண்டும்? இதை அடியோடு குணப்படுத்த முடியுமா? – வாசகி, கும்பகோணம்.

பதில்: நீங்கள் பெரிதாக எழுதியிருப்பது தயிரையும் தக்காளியையும் பற்றி. எனக்குக் கவலை தந்ததோ கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள். அவற்றில் “அதில் பிரச்சினை இல்லை” என்று நீங்களே தள்ளிவிட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது இந்த வாரமே கவனிக்க வேண்டியது.

மாதவிலக்கை ஒழுங்குபடுத்தத் தரும் மாத்திரைகளில் பல, கருத்தடை மாத்திரைகளேதான். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள் கலந்தவை. 21 மாத்திரை கொண்ட அட்டையாக வரும்; அட்டை முடிந்ததும் ஒரு வாரம் இடைவெளி விடச் சொல்வார்கள். உங்களுடையது அந்த வகையா என்று எனக்குத் தெரியாது, நீங்கள் பெயர் எழுதவில்லை. ஆனால் கண்ணோரத்தில் மின்னும் சரிகை என்ன என்பது தெரிகிறது. அதற்கு ‘ஆரா’ என்று பெயர். மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி, உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்காவது அது வரும். மூளையின் பின்பக்கம், பார்வைக்கான பகுதியில், நரம்புச் செல்கள் ஓர் அலைபோல் வரிசையாகக் கிளர்ந்து பிறகு அடங்குகின்றன. அந்த அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் நகரும். உங்கள் சரிகை கண்ணோரத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து அரை மணி நேரம் எடுத்துக்கொள்வது அதனால்தான்.

ஆரா உள்ள ஒரு பெண் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிட்டால் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. இந்த வயதுப் பெண்களுக்குப் பக்கவாதம் அபூர்வம், அதனால் இதைப் படித்துவிட்டு இரவு தூங்காமல் இருக்க வேண்டாம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் ஆரா உள்ளவர்களுக்கு இந்த வகை மாத்திரை எந்த வயதிலும் கூடாது என்கிறது. உங்களுக்கு மாத்திரை எழுதித் தந்த மகப்பேறு டாக்டரிடம் “எனக்குக் கண்ணில் மின்னிவிட்டுத் தலைவலி வரும்” என்று சொன்னீர்களா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர் கேட்டிருக்கவும் மாட்டார். அட்டையை எடுத்துக்கொண்டு போய் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்று வழிகள் இருக்கின்றன. கருத்தடைக்கும் அந்த மாத்திரையைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, இரண்டாவது விஷயம், அந்த செட்டு.

நம் ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. “தலைவலிக்கு ஒரு செட்டு குடுங்க” என்றால் போதும். கடைக்காரர் நாலு டப்பாவைத் திறந்து வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பொடிசாக ஒன்று, கேஸுக்கு ஒன்று என்று காகித உறையில் போட்டுத் தருவார். அட்டையும் இருக்காது, பெயரும் இருக்காது. என் அனுபவத்தில் அந்த உறையில் பாராசிட்டமால் இருக்கும், டைக்ளோஃபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும், பல சமயம் எர்காட்டமைனும் காஃபினும் கலந்த மைக்ரேன் மாத்திரையும் இருக்கும். எர்காட்டமைன் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் பழைய மருந்து. எப்போதாவது ஒன்று என்றால் வேறு கதை. வாரத்துக்கு நாலைந்து போட்டால் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தமே குறையலாம்.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று. வாரத்தில் நாலைந்து நாள் என்றால் மாதத்தில் 16 முதல் 20 நாள். பாராசிட்டமால் மாதிரி சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, எர்காட்டமைன், டிரிப்டான் (மைக்ரேன் வலிக்கென்றே தரும் ஒரு மருந்து வகை), கலவை மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மைக்ரேன் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்க ஆரம்பித்துவிடும். மாத்திரை போட்டால் வலி குறையும். அதன் வேகம் இறங்கியதும் வலி திரும்பும். திரும்பியதும் இன்னொரு செட்டு. மாதம் மூன்று தடவை வந்த வலி வாரம் ஐந்து தடவையாக மாறிய கதைகளில் பாதிக்கு மேல் நான் இதைத்தான் பார்க்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்தீர்களா, பக்கத்தில் மெடிக்கல் கடை வந்ததா, தெரியாது. ஆனால் கத்தரிக்காய் அன்றைக்குப் புதிதாக வரவில்லை.

இப்போது சைனஸ். மாமியார் சொல்லும் நீர் கோத்தலும் டாக்டர் சொன்ன சைனஸும் ஒரே இடத்தைக் காட்டுவதில் ஆச்சரியமில்லை, ஏனென்றால் மைக்ரேன் வரும்போது பலருக்கு மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வழியும், நெற்றியும் கன்னமும் கனக்கும். முகத்துக்கு உணர்வைத் தரும் முக்கிளை நரம்புதான் மைக்ரேன் வலியின் பாதை. அது தூண்டப்பட்டால் மூக்கும் கண்ணும் சேர்ந்து பதில் சொல்லும். சைனஸ் தலைவலி என்று தாங்களே நம்பிய அல்லது டாக்டர் சொல்லியிருந்த ஏறத்தாழ 3,000 பேரை அமெரிக்காவில் விசாரித்துப் பார்த்து 2004ல் வெளியிட்டார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. உண்மையான சைனஸ் அழற்சி என்றால் மூக்கிலிருந்து கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வரும், வாசனை தெரியாது, காய்ச்சல் அடிக்கலாம். ஒரு பக்கம் துடிப்பதும், படியேறினால் கூடுவதும், குமட்டலும், வெளிச்சம் பிடிக்காமல் போவதும் அதன் வேலை இல்லை.

அடுத்தது உங்கள் வெள்ளிக்கிழமை. எனக்கு இந்தக் கடிதத்திலேயே பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் வெளிநாட்டுப் புத்தகங்களில் தலைக்குக் குளிப்பதைத் தூண்டுதலாகப் பார்க்க முடியாது. மும்பையைச் சேர்ந்த தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். ஆக, இது உங்கள் கற்பனை இல்லை. நீர் கோத்துக்கொள்வதும் இல்லை. மண்டை ஓட்டைத் தாண்டிக் குளித்த தண்ணீர் உள்ளே போக வழியே கிடையாது.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை உங்கள் வீட்டில் வேறு என்னென்ன நடக்கிறது? என்னிடம் வருகிறவர்களை நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன். வாசல் தெளித்துக் கோலம் போட, பூஜைப் பாத்திரம் தேய்க்க என்று வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருப்பார்கள். தூக்கம் குறையும். விளக்கேற்றும் வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். காலை ஆறு மணிக் காபி ஒன்பதுக்குத் தள்ளிப்போகும். ஈரத்தலையைத் துண்டால் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். அப்புறம் காயாத முடியைப் பின்னி, பூ வைத்து, வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம். இதில் எது குற்றவாளி? தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமேகூட இல்லாமல் இருக்கலாம். மைக்ரேன் உள்ள மூளைக்கு ஒரு தாங்கும் அளவு இருக்கிறது. தூக்கக்குறைவு கொஞ்சம், பசி கொஞ்சம், வெயில் கொஞ்சம் என்று ஏறிக்கொண்டே போய் ஏதோ ஒன்றில் அந்த அளவைத் தாண்டிவிடும். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து ஈஸ்ட்ரோஜன் இறங்கும் நாட்களில் அந்த அளவே தாழ்ந்திருக்கும். போன வாரம் ஒன்றும் செய்யாத அதே குளியல் இந்த வாரம் படுக்க வைப்பது அப்படித்தான்.

அதனால் வெள்ளிக்கிழமையை விட்டுவிட வேண்டாம், கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நான்கு வாரம் தலைக்குக் குளிப்பதை ஞாயிற்றுக்கிழமை பகலில் வைத்துக்கொண்டு, நிதானமாக முடியைக் காயவிடுங்கள். அடுத்த நான்கு வாரம் வெள்ளிக்கிழமையே குளியுங்கள், ஆனால் எழுந்ததும் ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு. விரதத்துக்குப் பால், பழம் ஆகாது என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். ஆமாம், வாழைப்பழம்தான். நீங்கள் நிறுத்திய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவரலாம்.

உணவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மைக்ரேன் வலி வந்த நேரத்தில் தொடங்குவதில்லை. சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தைய நாளே, மூளைக்குள் அது ஆரம்பித்துவிடுகிறது. அடுத்தடுத்துக் கொட்டாவி வரும், கழுத்து இறுகும், அடிக்கடி சிறுநீர் போகும், காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம், இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று நாக்கு அலையும். அந்த நேரத்தில் ஒரு சாக்லேட்டைத் தின்போம். இரண்டு மணி நேரத்தில் வலி. பழி சாக்லேட் மேல் விழும். சாக்லேட்டைக் கேட்டதே மைக்ரேன்தான் என்பது யாருக்கும் தோன்றாது. கழுத்து இறுக்கத்துக்கும் இதே கதைதான்; கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்து, அதனால் தலைவலி வந்தது என்று எலும்பு டாக்டரிடம் போய்க் கழுத்துப் பட்டையோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். உணவே காரணமாக இருப்பவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவரையில் சாப்பிட்டது செய்த கெடுதலைவிடச் சாப்பிடாதது செய்த கெடுதல்தான் அதிகம். ஜவுளிக்கடையில் முகூர்த்த நாள் கூட்டம் என்றால் மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குப் போவது எனக்குத் தெரியும். கவுன்டருக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் இருக்கட்டும்.

காபியை நிறுத்தச் சொல்லிக் கும்பகோணத்துக்காரரிடம் கேட்கும் தைரியம் எனக்கில்லை. ஒரு நாளைக்கு இரண்டு, தினமும் ஒரே நேரத்தில், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில். ஞாயிறன்று ஒன்பது மணி வரை தூங்கிவிட்டு ஒன்பதரைக்குக் காபி குடிக்கிறவர்களுக்கு வரும் தலைவலி கொஞ்சநஞ்சமில்லை.

இனி சிகிச்சை. செட்டை நிறுத்த வேண்டும், வேறு வழியில்லை. நிறுத்தியதும் முதல் இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை தலைவலி இப்போதைவிட மோசமாக இருக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாளே கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதனால் தனியாக முயற்சி செய்யாமல் டாக்டரிடம் போய், அன்றைக்கே தடுப்பு மாத்திரையும் ஆரம்பித்துக்கொண்டு நிறுத்துங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. போகும்போது மெடிக்கல் கடைக்காரரிடம் அந்தச் செட்டில் உள்ள மாத்திரைகளின் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். முணுமுணுப்பார், பரவாயில்லை.

தடுப்பு மாத்திரை என்பது வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுப்பது. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், ஃப்ளுனாரிசின் என்று பல உண்டு. இவற்றில் எதுவுமே மைக்ரேனுக்கென்று பிறந்ததில்லை. புரோப்ரனலால் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வந்தது. வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது, அதனால் இருந்தால் சொல்லிவிடுங்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்தது. மனச்சோர்வுக்குத் தரும் அளவில் ஒரு சின்னப் பங்கே மைக்ரேனுக்குப் போதும், இரவில் 10 மில்லிகிராமில் ஆரம்பிக்கலாம். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், தூக்கம் நன்றாக வரும். கடையில் யாராவது சீட்டைப் பார்த்துவிட்டு “இது மென்டல் மாத்திரையாச்சே” என்பார்கள். அந்த ஒரு வார்த்தையால் நல்ல சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களை எண்ணி மாளாது. டோபிரமேட் எடையைக் குறைக்கும், ஆனால் விரல் மரத்துப்போகும், பேசும்போது சொல் சட்டென்று வாயில் வராது. கர்ப்பத்தில் அது கூடாது. வால்ப்ரோயேட் என்று ஒன்று இருக்கிறது. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு அதை நான் தர மாட்டேன், அதனால் வயிற்றுப் பிள்ளைக்கு வரும் ஊனங்கள் அப்படி.

எதுவாக இருந்தாலும் இரண்டு, மூன்று மாதம் கொடுத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து மெல்லக் குறைத்து நிறுத்தலாம்.

வலி வரும் நாளுக்குத் தனி மருந்து. நாப்ராக்சன் மாதிரி வலி மாத்திரை ஒன்று, அல்லது சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் ஒன்று. இதய நோய் இருந்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் டிரிப்டான் கிடையாது. எர்காட்டமைன் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும் கூடாது. எதைத் தந்தாலும் வலி தொடங்கிய ஆரம்பத்திலேயே போட வேண்டும். “தாங்க முடியுமான்னு பார்க்கலாம்” என்று கடை சாத்தும் வரை பொறுத்துவிட்டுப் போட்டால் பலனிருக்காது, ஏனென்றால் மைக்ரேன் முற்றும்போது இரைப்பையின் அசைவே மந்தமாகிவிடுகிறது. மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும், கடைசியில் வாந்தியோடு வெளியே வரும். டாம்பெரிடோன் மாதிரி குமட்டலுக்கான மாத்திரையைச் சேர்த்துத் தருவது அதற்குத்தான். ஆனால் ஆரம்பத்திலேயே போடுங்கள் என்று சொன்ன கையோடு இதையும் சொல்கிறேன்: வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

2018ல் வந்த புதுவகை ஊசிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முக்கிளை நரம்பு வெளியிடும் சிஜிஆர்பி என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை. அந்தப் பொருளுக்கும் மைக்ரேனுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021ல் டென்மார்க்கில் மூளை ஆராய்ச்சிக்கான பெரிய பரிசு கிடைத்தது. நல்ல மருந்து, மைக்ரேனுக்கென்றே பிறந்த முதல் தடுப்பு மருந்து. ஆனால் மாதாமாதம் பல ஆயிரம் ரூபாய் ஆகும். பழைய மாத்திரைகள் எதுவும் கேட்காதவர்களுக்கு அதைப் பற்றிப் பேசுவேன். நீங்கள் இன்னும் அந்தப் பழைய மாத்திரைகளையே ஒன்றுகூட முயற்சி செய்து பார்க்கவில்லையே. அடியோடு போகுமா என்று கேட்டீர்கள். போகாது, அம்மாவிடமிருந்து வந்த இயல்பு அது. மாதவிலக்கு நின்ற பிறகு பலருக்குத் தானாகக் குறையும். அதுவரை மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று வைத்திருப்பது சாத்தியமே.

சுக்கு உரசிப் பத்துப் போடுவதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் மாமியார் போட்டுவிடுவார் என்று தெரியும். எனக்கும் சின்ன வயதிலிருந்து மைக்ரேன் உண்டு. என் அம்மா இருட்டறையில் படுக்கவைத்து, ஈரத்துணியைப் பொட்டில் இறுக்கிக் கட்டி, பத்தும் போடுவார். நெற்றி எரிந்ததே தவிர கெடுதல் ஒன்றும் வரவில்லை. இருட்டறையும் ஈரத்துணியும் இன்றைக்கும் நான் சொல்லும் வைத்தியம்தான்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்று அர்த்தம். மைக்ரேன் எந்த ஸ்கேனிலும் தெரியாது. கர்நாடகத்தில் வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கில் நான்கில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வந்திருந்தது. அத்தனை பேரும் நடிக்கிறார்களா என்று கேளுங்கள். ஆனால் இடி விழுந்த மாதிரி ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் வலி, கைகால் இழுத்துக்கொண்டோ பேச்சுக் குழறியோ வரும் வலி, வலிப்போடு வரும் வலி, இவற்றில் எது வந்தாலும் மைக்ரேன்தானே என்று இருந்துவிடாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். உங்கள் சரிகை மின்னல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாலும் அப்படியே.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கடையில் தந்த மாதக் காலண்டர் வீட்டில் இருக்குமே, அதில் வலி வந்த நாளில் ‘வ’, மாத்திரை போட்ட நாளில் ‘மா’, சரிகை தெரிந்த நாளில் ‘ச’, மாதவிலக்கு நாட்களைச் சுற்றி வட்டம். இவ்வளவு போதும். டாக்டர் முன்னால் அந்தத் தாளை வைத்தால் நீங்கள் பத்து நிமிடம் பேசுவதை அவர் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வார்.

செட்டை நிறுத்தும் வாரத்துக்கு லீவு தேவைப்படும். தீபாவளி வியாபாரம் சூடுபிடித்துவிட்டால் ஜவுளிக்கடையில் யாரும் லீவு தர மாட்டார்கள், அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். லீவுக் கடிதத்தில் ‘தலைவலி’ என்று மட்டும் எழுதினால் சூப்பர்வைசர் ஒரு செட்டு வாங்கிக் கையில் கொடுத்து கவுன்டருக்கு அனுப்பிவிடுவார். டாக்டரிடம் ‘மைக்ரேன்’ என்று சான்றிதழ் எழுதித் தரச் சொல்லுங்கள்.